டி டிரைவும் முதுமக்கள் தாழியும்: கோப்புப் பெயர்ச்சி பற்றி ஒரு முன்னோட்ட ஆய்வு

குருப்பெயர்ச்சிக்கும் சனிப்பெயர்ச்சிக்கும் தவறாமல் பலன் எழுதும் தமிழுலகம், கோப்புப் பெயர்ச்சிக்கு மட்டும் பாராமுகமாக இருந்துவிட்டது. சனி ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டரை ஆண்டு ஆகிறது. அதற்குள் தெருவுக்கு ஒரு கணினியாவது மண்டையைப் போட்டுவிடுகிறது. பழைய சிஸ்டத்தில் இருப்பவை புது சிஸ்டத்துக்கு எவ்வாறு போய்ச் சேர்கின்றன என்பதை ஆராய்ந்து இக்குறையைக் களைவதே கட்டுரையின் நோக்கம். ஆய்வு எல்லை விண்டோஸ் மட்டுமே. ஆப்பிள்காரர்கள் வேறு திணை. அவர்களுடைய துயரத்துக்குத் துறையும் வேறு.

கருதுகோள் பின்வருமாறு: கோப்புப் பெயர்ச்சி என்று ஒன்று நடப்பதே இல்லை. நடப்பது தாழியடக்கம். ஆதிச்சநல்லூரில் முன்னோரை அவர் புழங்கிய பாண்டங்களோடும் கருவிகளோடும் தாழிக்குள் இறக்கினார்கள். நாம் டி டிரைவில் 'ஓல்டு சிஸ்டம்' என்று ஒரு ஃபோல்டர் திறந்து, பழைய கணினியை ஈமப்பொருள்களோடு முழுசாக உள்ளே இறக்குகிறோம். "இப்போதைக்கு எல்லாத்தையும் போட்டு வைங்க தம்பி, வேணுங்கிறதை அப்புறமா பிரிச்சுக்கலாம்" என்பது அப்போது ஓதப்படும் மந்திரம். சர்வீஸ் தம்பியும் "போட்டாச்சு சார்" என்று கையைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பிரித்ததாகச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. அந்த ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே 'பழைய டி டிரைவ்'; அதற்குள் 'ஆபீஸ் பேக்கப்'; அதற்கும் உள்ளே, பெயர் வைக்கக்கூட யாருக்கும் நேரமில்லாத 'நியூ ஃபோல்டர்'. தாழிக்குள் தாழி.

அகழ்ந்து பார்த்தால் அடுக்குகள் துல்லியமாகப் பிரிகின்றன. நகலெடுத்த கோப்பின் பெயருக்கு முன்னால் 'காப்பி ஆஃப்' என்று ஒட்டியிருந்தால் அது எக்ஸ்பி காலத்தது, அல்லது அதற்கும் முந்தியது. பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு 'காப்பி' என்று வந்தால் 2007இல் கடைக்கு வந்த விஸ்டாவுக்குப் பிற்பட்டது. 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற ஃபோல்டர் அகப்பட்டால் எக்ஸ்பி அடுக்கைத் தொட்டுவிட்டோம் என்று மகிழலாம். விஸ்டா அதை 'யூசர்ஸ்' என்று சுருக்கிவிட்டது. வேர்டு கோப்பின் வால் 'டாக்' என்று முடிந்தால் பழங்காலம், அதன் பின் ஓர் 'எக்ஸ்' தொங்கினால் ஆபீஸ் 2007க்குப் பிந்தைய காலம்.

தேதியை மட்டும் நம்பக் கூடாது. ஒரு கோப்பை வேறு டிஸ்குக்கு நகலெடுத்தால், அது உருவான நாளாக விண்டோஸ் நகலெடுத்த நாளைக் குறித்துக்கொள்கிறது. கடைசியாகத் திருத்திய நாளோ பழையபடியே நிற்கிறது. ஆகவே பிறப்பதற்குப் பல ஆண்டு முன்பே திருத்தி முடிக்கப்பட்ட கோப்புகள் நம் டிஸ்குகளில் ஏராளம். இதைத் தத்துவ மாணவர்கள் யாராவது எடுத்துச் செய்யலாம்.

இங்கே சி, டி என்னும் இருமைக் கோட்பாட்டையும் தொட்டாக வேண்டும். நம் ஊரில் கணினி வாங்கும்போதே டிஸ்கை இரண்டு மூன்றாகப் பிரித்து, "சி அழியும், டி நிலைக்கும், முக்கியமானதை டியில் போடுங்க" என்று உபதேசித்துக் கொடுப்பார்கள். கேட்டுக்கொண்டவர் வீட்டுக்கு வந்து பத்திர ஸ்கேன் முதல் பேத்தியின் மழலைப் பேச்சு வரை எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் பரப்பி வைப்பார். டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவில். கண்ணுக்கு முன்னால் இருப்பதால் அது டிரைவ் எதற்கும் கட்டுப்படாத வெட்டவெளி என்று மக்கள் நம்புகிறார்கள். "ஃபார்மட் அடிச்சிரலாமா?" என்று தம்பி கேட்க, "அடிங்க, சியில ஒண்ணுமில்ல" என்று பதில் சொல்லும் அந்த விநாடியில்தான் பெரும்பாலான குடும்ப வரலாறுகள் முடிகின்றன.

கோப்புகள் இப்படி. மென்பொருள்களின் கதி இதைவிடப் பரிதாபம், ஏனென்றால் தாழியில் இறக்கியவர் எழுந்து நடப்பதில்லை. ஒரு மென்பொருளை நிறுவும்போது அது தன் ஃபோல்டரோடு அடங்கி இருப்பதில்லை. ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டில் எழுதி வைக்கிறது. சிஸ்டம் ஃபோல்டரில் துணைக் கோப்புகளைப் போடுகிறது. உரிமத்தை அந்த எந்திரத்தோடு முடிச்சுப் போட்டுக்கொள்வதும் உண்டு. 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரை மட்டும் அள்ளிக்கொண்டு வந்தால் வருவது உடல்தான். சொடுக்கினால் ஏதோ ஒரு டிஎல்எல் காணவில்லை என்று முனகிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். 16 பிட் காலத்து மென்பொருளென்றால் முனகல்கூட இருக்காது; 64 பிட் விண்டோஸ் அதை வாசலிலேயே நிறுத்திவிடும்.

ஆவியை மட்டும் கொண்டுவருவோரும் உண்டு. டெஸ்க்டாப்பில் இடது மூலையில் சிறு அம்புக்குறி போட்ட படத்தைப் பென் டிரைவில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "பேஜ்மேக்கரை எடுத்தாந்துட்டேன்" என்று பெருமையோடு வருவார்கள். எடை இரண்டு கேபி தேறாது. அது ஷார்ட்கட், முகவரிச் சீட்டு. வீடு பழைய ஊரிலேயே இருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் இதற்குப் பரிகாரம் செய்யாமலில்லை. 2001இல் எக்ஸ்பியோடு ஒரு பெயர்ச்சி உதவியாளரைத் தந்தார்கள். விஸ்டாவிலும் விண்டோஸ் 7இலும் 'ஈஸி டிரான்ஸ்ஃபர்' என்று பெயர் மாறியது. கோப்புகளையும் அமைப்புகளையும் அது கொண்டுபோகும். மென்பொருள்களைக் கொண்டுபோகாது, பழைய கணினியில் இன்னின்ன மென்பொருள்கள் இருந்தன, வேண்டுமானால் நிறுவிக்கொள்ளுங்கள் என்று ஒரு பட்டியல் மட்டும் நீட்டும். நாகரிகமான இரங்கல் குறிப்பு. விண்டோஸ் 10இல் அந்த உதவியாளரே காலமாகிவிட்டார்.

பெயர்ச்சி நேரத்தில் திரையில் தோன்றும் மீதிநேரக் கணிப்பு ஜோதிடத்தோடு ஒப்பிடத் தக்கதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஜோதிடத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். இது அதுவரை போன வேகத்தை வைத்துப் போடும் கணக்கு. ஒரே 4 ஜிபி படம் மளமளவென்று போகும். அதே 4 ஜிபி ஆயிரக்கணக்கான சிறு புகைப்படங்களாக இருந்தால், ஒவ்வொன்றையும் திறந்து, அட்டவணையில் பேரெழுதி, மூட வேண்டும். அங்கே வேகம் படுத்துவிட, பத்து நிமிடம் என்றது இரண்டு மணி நேரமாகிறது. போதாக்குறைக்கு, ஃபேட்32 முறையில் அமைந்த பென் டிரைவ் 4 ஜிபியைத் தொடும் ஒற்றைக் கோப்பை ஏற்காது. 32 ஜிபி காலியாகக் கிடக்க, கல்யாண வீடியோ மட்டும் வெளியே நிற்கும். பிள்ளை வீட்டார் சண்டைக்கு வருவார்கள்.

தாழிக் கோட்பாட்டுக்கு வலுவான சான்று 260இல் இருக்கிறது. ஒரு கோப்பின் முழு முகவரிக்கு, டிரைவ் எழுத்திலிருந்து கோப்புப் பெயர் வரை, விண்டோஸ் வழக்கமாக விட்டுவைக்கும் இடம் 260 எழுத்து. தாழிக்குள் தாழி வைத்துக்கொண்டே போனால் முகவரி நீண்டு, அடியில் கிடப்பவை இந்த எல்லையில் முட்டி, பெயர் நீளம் அதிகம் என்று மறுக்கப்படுகின்றன. தமிழில் பெயர் வைத்தால் இன்னும் சீக்கிரம் முட்டும். தொல்காப்பியர் 'க்' என்பதை ஓரெழுத்தாகவே எண்ணினார். யூனிகோடு ககரத்துக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என இரண்டாக எண்ணுகிறது.

தமிழென்றதும் பாமினியைச் சொல்லாமல் நகர முடியாது. கோப்பு பத்திரமாக வந்துவிட்டது, ஒரு பைட்டும் குறையவில்லை. திறந்தால் தமிழ் இல்லை. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத புதுக் கணினியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். உள்ளே சேமிக்கப்பட்டதே அதுதான். மேலே போர்த்திய எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டிக்கொண்டிருந்தது. டிடிபி சென்டர்களில் வருடக்கணக்காக அடித்து வைத்த மலர்கள், கவிதைத் தொகுப்புகள், கோயில் வரலாறுகள் எல்லாம் இந்த நிலையில் கிடக்கின்றன. தமிழக அரசு 1999இல் டேம், டேப் என்றும், 2010இல் யூனிகோடு, டேஸ்16 என்றும் தரங்களை அறிவித்தது. ஆனால் அறிவிப்பதற்கு முன் அடித்ததை யாராவது உட்கார்ந்து மாற்றினால்தானே மாறும்? இந்த ஒன்றில் மட்டும் ஆய்வாளருக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய கணினியை என்ன செய்வது என்பது ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது. இருந்தாலும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அதை எடைக்குப் போடுவதற்கு முன் 'குவிக் ஃபார்மட்' அடித்துவிட்டேன் என்று நிம்மதி கொள்ளாதீர்கள். அது அட்டவணையைத்தான் அழிக்கிறது, உள்ளிருப்பவற்றை மீட்டெடுக்க முடியும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் அதற்கு யூஎஸ்பி கேசிங் கிடைக்கும். பின்னால் இரண்டு வரிசையாக ஊசிகள் இருந்தால் ஐடிஇ, மெல்லிய தட்டை வாய் இருந்தால் சாட்டா, பார்த்துக் கேளுங்கள். மூன்றரை அங்குல டிஸ்க் என்றால் தனி அடாப்டரும் கேட்டு வாங்குங்கள், யூஎஸ்பியில் வரும் மின்சாரம் அதற்குப் போதாது.