முதலில் வைகை, பிறகு நைல்

கேள்வி: பழங்கால நாகரிகங்களைப் பற்றி இணையத்திலேயே படிக்க விரும்புகிறேன். எகிப்திலிருந்து தொடங்கலாமா?
– கல்லூரி மாணவி, மேலூர்

பதில்: பிரமிடுகள் எங்கும் ஓடிவிடப் போவதில்லை, 4,500 ஆண்டுகளாக அங்கேயேதான் நிற்கின்றன. நீங்கள் வைகைக் கரையில் தொடங்குங்கள்.

அந்தக் கரையிலுள்ள கீழடியின் அகழாய்வு பற்றித் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையை இணையத்தில் இறக்கி வாசியுங்கள். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்கு உரியது என்று ஆய்வகம் கணித்தது, பானை ஓட்டில் ‘ஆதன்’ என்று கீறிய பெயர் எல்லாம் அதில் படங்களோடு இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் ஆட்கள் பாத்திரத்தில் பேர் வெட்டியிருக்கிறார்கள்! கல்வெட்டு நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், காசு வேண்டாம். சிந்துவெளிக்கு ஹரப்பா டாட் காம், எகிப்துக்கு பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையத் தொகுப்பு.

யூடியூபில் மட்டும் எச்சரிக்கை. எந்த இடம், எந்த மண்ணடுக்கு, எந்த ஆய்வு என்று சொல்லாமல் ‘உலகை உலுக்கிய மர்மம்’ என்று கூவினால் உடனே வெளியேறுங்கள்.

உங்கள் ஊருக்கு அருகிலுள்ள மாங்குளம் மலையில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் இருக்கிறது. 1882இல் ராபர்ட் சீவல் கண்டறிந்த கல்வெட்டுகள் அவை. எழுத்துகளை இணையத்தில் பழகிக்கொண்டு, வெயில் ஏறுமுன் போய் நேரில் வாசித்துப் பாருங்கள்.