குழாய்தான் குமிழ்

கேள்வி: புதிதாக இன்ஸ்டன்ட் கீசர் மாட்டினோம். குழாயை முழுசாகத் திறந்தால் பச்சைத்தண்ணீர், குறைத்தால் கொதிதண்ணீர். எதைத் திருகுவது?
– வாசகி, ஆவடி

பதில்: குழாயைத்தான்! பெரிய தொட்டி இல்லாத கீசருக்கு அவசரம் ஆகாது. 3 கிலோவாட் கீசர் தண்ணீரின் சூட்டை 15 டிகிரி கூட்ட வேண்டுமென்றால், நிமிடத்துக்கு 3 லிட்டருக்கு மேல் கேட்கக் கூடாது. தாரை சுண்டுவிரல் பருமனில் விழுந்தாலே மார்கழிக் குளியலுக்குப் போதும். உங்கள் தெரு போர்த்தண்ணீர் உப்பா? கெட்டிலின் அடியில் ஒட்டும் அதே வெள்ளைப் பொருக்கு கீசர் காயிலிலும் ஒட்டும். வருஷத்துக்கு ஒருமுறை ஆள் வைத்துச் சுரண்டுங்கள்.

வேனிலேயே ஊர் சுற்றுகிறவர்கள் வைக்கும் கேஸ் கீசருக்கும் இதே திருகல்தான். ஆனால் அதன் புகை வெளியே போயே ஆகவேண்டும்; கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. சின்ன பாத்ரூமுக்குள் அதை மாட்டலாம் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.