ஃபைபர் மீசை

காரைக்காலில் குரோம் பம்பர் வைத்த கார் வைத்திருப்பவருக்கு இரண்டு வேலை. ஒன்று, தினமும் காலையில் பம்பரைத் துடைப்பது. மற்றது, துடைத்தும் துரு ஏறுகிறதே என்று தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொல்வது. என் தாய்மாமா இரண்டையும் சலிக்காமல் செய்துவந்தார். குரோம் பூச்சு என்பது இரும்பின்மேல் நிக்கல், அதற்கும் மேலே மயிரிழையைவிட மெல்லிய குரோமியம். அதில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தால் போதும், உப்புக்காற்று உள்ளே புகுந்து குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். வெளியே பளபளவென்று இருக்கும். விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிரும். மாமா அதனால் தட்டுவதை நிறுத்தியிருந்தார். கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பம்பரில் பாதி தானாகவே சாலையில் இறங்கிக்கொண்டது.

என்ன கார் என்று கேட்டால் மாமா “ஸ்போர்ட்ஸ் கார்” என்பார். ஆர்.சி. புத்தகம் “ஸ்டாண்டர்டு ஹெரால்டு” என்று சொல்லும். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி தயாரித்தது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. எஞ்சின் 948 சி.சி. நாலு பேர் உட்கார்ந்து அரசலாற்றுப் பாலத்தில் ஏறினால் ஐந்தாவது ஆள் இறங்கித் தள்ளுவது நல்லது. இதில் ஸ்போர்ட்ஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டால் மாமா பரம்பரையை எடுத்துவிடுவார். 1962-ல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்கிற அசல் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கிச் செய்ததுதான். தம்பி ஸ்போர்ட்ஸ் என்றால் அண்ணன் மட்டும் என்ன மாட்டுவண்டியா? கூடவே, “அதே வருஷம் ஆகஸ்ட் 16-ம் தேதிதான் பிரெஞ்சுக்காரன் காரைக்காலைச் சட்டப்படி இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தான்” என்று சேர்த்துக்கொள்வார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று குடும்பத்தில் யாரும் கேட்பதில்லை.

அவர் கட்சிக்கு இன்னொரு ஆதாரமும் உண்டு. ஹெரால்டின் கூரை போல்ட்டில்தான் நிற்கிறது. முந்தைய சொந்தக்காரர் அதைக் கழற்றி வீட்டுக் கோழிகளுக்குப் பந்தலாகப் போட்டுவிட்டார். ஆகவே வண்டி திறந்த வண்டி. தலை காற்றில் ஆடுகிறது, ஸ்டியரிங்கை ஒடித்தால் 25 அடிக்குள் முழு வட்டம் அடிக்கிறது, ஊரின் பழைய பிரெஞ்சுத் தெருக்களில் நுழைந்து திரும்புவதற்கென்றே செய்ததுபோல. இதெல்லாம் உண்மைதான். ஆனால் முகத்தில் பம்பர் இல்லை.

“மீசையெடுத்த கட்டபொம்மன் மாதிரி நிக்கிது மாப்ளே” என்றார் மாமா.

சென்னை புதுப்பேட்டையில் கிடைக்காத கார்ச்சாமான் கிடையாது என்பார்கள். போனோம். ஒரு கடைக்காரர், “ஹெரால்டா? எங்க தாத்தாகிட்டதான் கேக்கணும் சார்” என்றார். தாத்தா எங்கே என்று மாமா ஆர்வமாகக் கேட்டார். கடைக்காரர் மாலை போட்ட படத்தைக் காட்டினார். நல்ல இரும்புத் தகட்டில் புதிதாக அடித்து குரோம் போடலாம் என்று ஒருவர் சொன்ன தொகைக்குக் கோழிப்பந்தல் உட்பட இன்னொரு ஹெரால்டே வாங்கலாம்.

அப்போதுதான் பாரிஸ் வந்தது. காரைக்காலில் எந்தத் தெருவை எடுத்தாலும் அதற்குப் பிரான்சில் ஒரு கிளை இருக்கும். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்திருப்பார், பேரன் பாரிசில் வேலை பார்ப்பான், வருஷத்துக்கொரு முறை வாசனைத் திரவியமும் சாக்லேட்டும் வரும். எங்கள் தெருவுக்கு ஃபைபர் கிளாஸ் பம்பர் வந்தது. எதிர்வீட்டு அண்ணன் அங்கிருந்தே ஓர் ஆங்கிலேயக் கடைக்கு எழுதி வரவழைத்து, அத்தனை நீளத்தையும் பழைய சேலையில் சுற்றி விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். சென்னை சுங்கத்தில் அதிகாரி அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, “உள்ள ஒண்ணுமே இல்லையே” என்றாராம். அதுதான் ஃபைபரின் பெருமை என்று மாமா விளக்கினார்.

பெருமைக்குச் சரித்திரம் உண்டு. 1953-ல் அமெரிக்காவில் வந்த முதல் கொர்வெட்டுக்கு உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ். அந்த வருஷம் மொத்தமே 300 கார்தான் செய்தார்கள். நம் ஊரிலும் பெங்களூரு சிபானியின் டால்ஃபின், பின்னாளில் ரெனோ எஞ்சின் போட்டு வந்த சான் ஸ்டார்ம், எல்லாம் ஃபைபர் உடம்புதான். பம்பர் கதை தனி. 1970-களில் அமெரிக்க அரசு, மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் முட்டினால் காரின் விளக்குகளும் மற்ற முக்கியச் சாமான்களும் சேதமாகக் கூடாது என்று விதி போட்டது. அதற்காக எம்.ஜி.பி. என்கிற அழகான ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் 1974-ன் பிற்பகுதியில் குரோமைக் கழற்றிவிட்டு, ரப்பர் பூசிய கறுப்பு பம்பரை மாட்டிக்கொண்டு, உயரத்தையும் ஏற்றிக்கொண்டு வந்தது. அன்று முதல் அதை வாங்கியவர்களில் ஒரு கூட்டம் அந்தக் கறுப்பு பம்பரைக் கழற்றிப் பழைய முகத்தைக் கொண்டுவருவதிலேயே காலம் தள்ளுகிறது. பந்தயம் ஓட்டுகிறவர்களுக்குக் கனம் குறைய வேண்டும், மற்றவர்களுக்கு முகம் வேண்டும். இருவருக்குமாக ஃபைபர் பம்பர் வியாபாரம் நடக்கிறது. அது முட்டினால் தாங்குமா என்று கேட்பது நாகரிகமில்லை. அது பார்ப்பதற்கு.

மாட்டுவதற்கு எங்கள் மெக்கானிக் வந்தார். பாரிஸ் பம்பரில் ஓட்டையே இல்லை. கடைகளில் விற்கும் ஃபைபர் சாமான் பலதும் அப்படித்தான் வரும், வண்டியில் வைத்துப் பார்த்துத்தான் துளைக்க வேண்டும். வைத்துப் பார்த்தார். இடப்பக்கம் உடம்போடு ஒட்டியது, வலப்பக்கம் இரண்டு விரல் விலகி நின்றது. வலப்பக்கத்தை ஒட்டினால் இடப்பக்கம் கோபித்துக்கொண்டது. படுத்துப் பார்த்தார், எழுந்து பார்த்தார், பீடி பற்றவைத்துப் பார்த்தார்.

“பம்பர் நேராத்தான் இருக்கு சார். கார்தான் கோணல்.”

ஐம்பது வருஷ டிங்கரிங் வரலாறு அந்த இரண்டு விரல் இடைவெளியில் இருந்தது. மாமாவுக்கு முகம் சிவந்தது. அத்தை திண்ணையிலிருந்தே, “சனிக்கிழமை திருநள்ளாறு போயி எள்ளு தீபம் போட்டுட்டு வந்து மாட்டுங்க” என்றார். திருநள்ளாறு பக்கத்திலேயே இருப்பதால் இந்த ஊரில் எந்தக் கோளாறுக்கும் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் மெக்கானிக் சனிக்கிழமை வரை காத்திருக்கிற ஆள் இல்லை. ஓட்டை போட்டு, இரும்பு பம்பருக்கு முறுக்குகிற முறுக்கை ஃபைபருக்கும் முறுக்கி, வலப்பக்கத்தை போல்ட்டாலேயே இழுத்துவிடலாம் என்று பார்த்தார். பட்டென்று ஒரு சத்தம். ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம்போல விரிசல். சின்ன வாஷர் போட்டு அழுத்தினால் ஃபைபர் இப்படித்தான் கண் விடும்.

பாரிசுக்குத் திரும்ப எழுதலாமா என்று மாமா யோசித்துக்கொண்டிருந்தபோது நான்தான் கடற்கரையைக் காட்டினேன். 2004 டிசம்பர் 26-க்கு முன்னால் இந்தக் கரையில் கட்டுமரம் நிறைய. சுனாமி எடுத்துக்கொண்டு போனதை இந்தக் கட்டுரையில் சொல்வது முறையில்லை. அதற்குப் பிறகு அரசும் தொண்டு நிறுவனங்களும் போட்டி போட்டுக் கொடுத்த ஃபைபர் படகுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தேவைக்கு மேலேயே வந்தன என்று ஆய்வு செய்தவர்கள் எழுதும் அளவுக்கு வந்தன. படகு வந்தால் படகுக்கு ஒட்டுப்போடுகிறவர்களும் வரத்தானே வேண்டும்? கீற்றுக் கொட்டகைக்குள் ரெசினும் கண்ணாடி இழை மேட்டுமாக வேலை செய்யும் கைகளுக்கு இங்கே இப்போது பஞ்சமில்லை. குடும்பத்துப் பிள்ளைகள் உயிரை ஒப்படைத்துக் கடலுக்குப் போகிற பொருளைச் செய்கிறவன், ஹெரால்டுக்கு ஒரு மீசை செய்ய மாட்டானா?

பட்டினச்சேரியில் படகு செய்கிற ஒரு தம்பியிடம் மாமா போனில் கேட்டார். “செய்யலாங்கய்யா. மாருதிக்கு எல்லாம் செஞ்சிருக்கேன்” என்றார் அந்தத் தம்பி. மாமா போனைக் கீழே வைத்துவிட்டார். தன் காரை மாருதியோடு சேர்த்துப் பேசியவனிடம் வேலை கொடுப்பதா? இங்கே சின்ன ஃபைபர் படகைத்தான் மாருதி என்கிறார்கள் என்று புரியவைத்து மறுபடி பேச வைத்தேன்.

தம்பி வண்டியைச் சுற்றி வந்தார். மூக்கைத் தடவினார். பிறகு கேட்டார்: “அலை எந்தப் பக்கம் அடிக்குங்கய்யா?”

“அலை எல்லாம் அடிக்காது தம்பி. மொபெட்டுதான் அடிக்கும்.”

“அப்ப இன்னும் ரெண்டு மேட்டு சேத்துப் போட்டுடுறேன்.”

அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஃபைபர் மேல் மரியாதை வந்துவிடும். விரிசல் விட்ட பாரிஸ் பம்பருக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, கண்ணாடிபோல ஆகும்வரை மெழுகு பூசி, அதன்மேல் அச்சு எடுத்தார். அச்சுக்குள் முதலில் ஜெல் கோட். அது கையில் ஒட்டாமல், ஆனால் பிசுபிசுப்பு விடாமல் இருக்கிற பதம் வந்ததும் கண்ணாடி இழை மேட்டைக் கிழித்துக் கிழித்து அடுக்கினார். கத்தரித்தால் ஓரம் தடிப்பாக நிற்கும், கிழித்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும். கோபால்ட் கலந்து லேசாக ரோஸ் நிறம் ஏறிய ரெசினில் ஹார்ட்னரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிப் பிரஷ்ஷால் குத்திக் குத்தி நனைத்தார். பிறகு உருளையால் உருட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்றினார். குமிழ் தங்கிய இடம் பின்னால் வெயிலில் பொத்துக்கொள்ளும். கோபால்ட் டப்பா கொட்டகையின் ஒரு மூலையில், ஹார்ட்னர் எதிர்மூலையில். இரண்டையும் நேராகக் கலந்தால் வெடிக்கும் என்பதை அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. ஆனால் மாமா ஆர்வக்கோளாறில் இரண்டையும் ஒரே பலகையில் எடுத்து வைத்தபோது அவர் போட்ட சத்தத்தில் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். உச்சி வெயிலில் வாளியிலேயே ரெசின் கிளம்பிப் புகைந்துவிடும் என்று பொழுது சாய்ந்துதான் வேலையை ஆரம்பித்தார். அச்சிலிருந்து எடுக்க மாமா அவசரப்பட்டபோது, “முறுக்கிக்கும்யா. இறுகும்போது அது தன்னால கொஞ்சம் சுருங்கும். இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலையை மட்டும் மாமா தானே செய்வேன் என்றார். கைவைத்த பனியனோடு செய்தார். கண்ணாடித் தூள் வேர்வையில் ஒட்டி உள்ளே இறங்கியது. தேங்காய் எண்ணெய், மஞ்சள், வேப்பிலை, அத்தையின் வசவு எல்லாம் தடவியும் அரிப்பு அடங்கவில்லை. மாங்கனித் திருவிழா அப்போதுதான் வந்தது. காரைக்கால் அம்மையாருக்காக மாடிகளிலிருந்து மாம்பழம் மழையாக இறங்குகிறது, ஊரே கையை உயர்த்திப் பிடிக்கிறது. மாமா மட்டும் இரண்டு கையாலும் முதுகைச் சொறிந்துகொண்டு நின்றார். நேராக மண்டையில் விழுந்த ஒன்றை அத்தை பொறுக்கிக்கொண்டார்.

மாட்டும் நாளில் தம்பி மெக்கானிக்கைத் தள்ளி நிற்கச் சொன்னார். அச்சிலேயே வலப்பக்கத்தில் இரண்டு விரல் கூட்டி வைத்திருந்தார். கார் எப்படிக் கோணலோ அப்படியே பம்பரும் கோணல். ஓட்டைகளை நீள்வட்டமாக அரத்தால் தேய்த்து நகர இடம் விட்டார். இரும்புக் கிளாம்புக்கும் ஃபைபருக்கும் நடுவே பழைய டியூபை வெட்டி ரப்பர் வாஷர், அதன்மேல் ரூபாய் அளவுக்கு அகலமான இரும்பு வாஷர். நட்டைக் கையால் முறுக்கி, ஸ்பானரில் அரைச் சுற்று. அவ்வளவுதான். வெள்ளிப் பெயிண்ட் அடித்து நிறுத்தியதும் ஹெரால்டு கட்டபொம்மனாகிவிட்டது.

ஒரே குறை, கனம். பாரிஸ் பம்பரைச் சுங்க அதிகாரி ஒரு கையால் தூக்கினார். இதைத் தூக்க நாலு கை வேண்டியிருந்தது. வண்டியின் மூக்கு கொஞ்சம் தரையைப் பார்த்தது. மாமா அதை ஸ்போர்ட்ஸ் நிற்பு என்றார்.

பேருந்து நிலையம் அருகே ஒரு லோடு ஆட்டோ ரிவர்சில் வந்து முட்டியது. ஆட்டோவின் பின்கதவு மடிந்துவிட்டது. பம்பரில் பெயிண்ட்கூடப் போகவில்லை. மாமா கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பானட்டைத் திறக்கப் போனார். ஹெரால்டின் பானட், மட்கார்டு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கிற அமைப்பு. அது திறக்கவில்லை. பம்பர் வாங்கிய அடியைத் தான் வைத்துக்கொள்ளாமல் கிளாம்பு வழியாக அப்படியே உள்ளே அனுப்பியிருந்தது. தாங்கிப் பிடித்த இரும்பு வளைந்து பானட்டுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. மோதினால் ஓட்டுநர் மார்பில் குத்தாமல் தானே சுருங்குகிற ஸ்டியரிங் கம்பியை அந்தக் காலத்திலேயே வைத்துச் செய்த கார் அது. அப்படிப்பட்ட காருக்குச் சுருங்க மறுக்கிற மீசை. இருந்தாலும் பாரிஸ் பம்பரா, பட்டினச்சேரிப் பம்பரா என்று கேட்டால் என் ஓட்டு நம் பம்பருக்குத்தான். அது வண்டிக்குப் பொருந்தியது, அந்த வண்டியின் குறையோடு.

இப்போது மாமாவுக்குப் புது ஆசை. 2021-ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்து ‘வி.ஏ.’ எழுத்துள்ள நம்பர் வாங்கலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. பம்பர் இந்த மூன்றிலும் சேராது என்பது மாமாவின் வாதம். கோழிகளிடமிருந்து கூரையை மீட்கும் பேச்சுவார்த்தை நடக்கிறது. அப்படிப் பதிவான வண்டியை நினைத்தபோதெல்லாம் ஓட்ட முடியாது; கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது என்று சிலவற்றுக்கு மட்டும்தான். மாமா ‘பெட்ரோல் போடுவது’ என்பதை மட்டும் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். குரோம் கிடைத்தால் குரோமே போடுங்கள். ஃபைபர் என்றால் பெயிண்ட் அடிக்கும் முன்பே வண்டியில் வைத்துப் பாருங்கள், அகல வாஷர் போடுங்கள், தேய்க்கும்போது முழுக்கைச் சட்டையும் முகமூடியும் அணியுங்கள். படகு செய்கிறவரிடம் கொடுத்தால், இது கடலுக்குப் போகாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.