துண்டுக்குள் ஜவ்வரிசி

கோவையில் படிக்கிற மகள் லீவுக்கு வந்து இறங்கினாள். கையில் மூடி ஒட்டிய பிளாஸ்டிக் குவளை. குடித்து முடித்தாயிற்று, அடியில் மட்டும் கன்னங்கரேலென்று ஏழெட்டு உருண்டைகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. என் அம்மா அதை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் தூக்கி, இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார்.

"ஏந்தாயி, ஆட்டுப் புழுக்கையைக் காசு குடுத்தா வாங்கியாந்த? இங்க இல்லாததா?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. திருச்சி - திண்டுக்கல் நாற்கரச் சாலையில் போகிறவர்களுக்கு அய்யலூர் என்றால் வண்டிக் கருப்பணசாமி. வண்டியை ஓரங்கட்டி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஊருக்குள் இருக்கிற எங்களுக்கு அய்யலூர் என்றால் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை. விடியுமுன்னே வண்டி வண்டியாக வெள்ளாடும் செம்மறியும் வந்து இறங்கும். தீபாவளி, பக்ரீத் நெருங்கினால் கால் வைக்க இடமிருக்காது. வைத்தால் எதன்மேல் வைத்தோம் என்று குனிந்து பார்க்கக் கூடாது. இந்த மண்ணில் எழுபது வருஷம் நடந்தவரிடம் கறுப்பாக, உருண்டையாக, பளபளப்பாக ஒன்றைக் காட்டினால் அவருக்கு வேறென்ன தோன்றும்?

"அப்பத்தா, இதுக்குப் பேரு போபா. டீல போடுவாங்க. நான் வாங்குனது மாம்பழ ஸ்மூத்தி."

"சுமதியா? எந்தச் சுமதி?"

நான் அந்த இடத்தில் பேப்பர் படித்துக்கொண்டே இருந்திருக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டிய தமிழனுக்கு ஒரு வியாதி உண்டு. வெளிநாட்டுச் சரக்கு எதைக் காட்டினாலும் "இது நம்மகிட்ட இருந்ததுதான்" என்று சொல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. குவளையை வாங்கி ஓர் உருண்டையை வாயில் போட்டு மென்றேன். "அட, ஜவ்வரிசி! நம்ம ஜவ்வரிசியைக் கறுப்பாக்கிட்டு இருநூறு ரூபா வாங்குறானா? வீட்டிலயே நான் பண்ணித் தாரேன்" என்றேன்.

மகள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "பாக்கெட்ல ரெடிமேடா வருதுப்பா. ஆர்டர் போட்டா ரெண்டு நாள்ல வந்துரும்" என்றாள். பாக்கெட்டா? மானம் என்ன ஆவது?

என் வாதத்தில் பாதி சரிதான். போபாவும் மரவள்ளிக்கிழங்கு மாவு, ஜவ்வரிசியும் மரவள்ளிக்கிழங்கு மாவு. 'நம்ம' என்ற சொல்லில்தான் சிக்கல். மரவள்ளி தென் அமெரிக்கச் செடி. போர்த்துக்கீசியர் கொண்டுவந்து இறக்கியது. 1880களில் திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் அதைச் சாப்பிடச் சொல்லிப் பரப்பினார். ஜவ்வரிசி என்ற பெயரே ஜாவா அரிசி என்று வந்தது என்பார்கள். அந்த ஜாவாக்காரர்கள் செய்ததும் கிழங்கில் இல்லை, ஒரு வகைப் பனையின் மரச்சோற்றில். இரண்டாம் உலகப் போரில் அந்தப் பக்கத்துச் சரக்கு நின்றுபோனது. 1943-இல் சேலத்து மாணிக்கம் செட்டியார் என்ற வியாபாரி, மலேயாவில் தொழில் தெரிந்துகொண்டு வந்த போபட்லால் ஷா என்ற குஜராத்திக்காரரோடு சேர்ந்து, கேரளத்தில் மலிவாகக் கிடந்த கிழங்கை வைத்துச் சேலத்திலேயே ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார். 1981-இல் ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் சேகோசர்வ் வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. ஆக, பிரேசில் கிழங்கு, ஜாவா பெயர், குஜராத்திக் கைப்பக்குவம். மகளிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை.

தைவான்காரர்களுக்கும் இதே வியாதி உண்டு என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். 1980களில் பால் டீயில் இந்த உருண்டையை முதலில் போட்டது யார் என்று தைச்சுங் ஊர் சுன் சுய் தாங் கடையும், தைனான் ஊர் ஹன்லின் கடையும் பத்து வருஷம் கோர்ட்டுக்கு நடந்தன. 2019-இல் அது ஒரு முடிவுக்கு வந்தது: யார் கண்டுபிடித்தால் என்ன, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். எங்கள் பக்கத்து வரப்புத் தகராறு எதுவும் இவ்வளவு சுமுகமாக முடிந்ததில்லை.

யார் வேண்டுமானாலும் என்று நீதிமன்றமே சொன்ன பிறகு எனக்கென்ன தயக்கம்? மளிகைக்கடையில் அரைக் கிலோ மாவு ஜவ்வரிசி வாங்கினேன். ஜவ்வரிசி என்றால் ஊறப்போட வேண்டும், இதுகூடத் தெரியாதா? ராத்திரி முழுக்க ஊறியதைக் காலையில் கொதிக்க வைத்தேன். பத்து நிமிஷத்தில் உருண்டை என்பது ஒரு நினைவாகிவிட்டது. தேர்தல் நேரத்தில் சுவரொட்டிக்காரர்கள் வாளியில் வைத்திருப்பார்களே, அந்தப் பதம். அம்மா எட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. உப்பு, சீரகம், அரைத்த பச்சை மிளகாயைப் போட்டுக் கலக்கி, மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் பழைய வேட்டியில் கரண்டி கரண்டியாக வத்தல் ஊற்றிவிட்டு வந்தார்.

இரண்டாவது தடவை நைலான் ஜவ்வரிசி. அது கரையவில்லை, கண்ணாடி மாதிரி நின்றது. வெல்லப்பாகில் போட்டு, மாம்பழக் கூழோடு கலந்து, ஜம்பமாக நீட்டினேன். மகள் ஒரு வாய் குடித்தாள். "நல்லா இருக்குப்பா. ஆனா இது பாயசம்" என்றாள். உண்மைதான். உருண்டை ஒவ்வொன்றும் மிளகை விடச் சின்னது. மெல்லுவதற்குள் வயிற்றுக்குப் போய்விட்டது. போபா என்றால் கோலிக்குண்டில் பாதி இருக்க வேண்டுமாம், பல்லில் சிக்கிக் கொஞ்சம் சண்டை போட வேண்டுமாம். மிச்சத்தில் முந்திரி வறுத்துப் போட்டு மனைவி சாமிக்குப் படைத்துவிட்டாள். என் தோல்வி எதையும் இந்த வீட்டில் யாரும் வீணாக்கவில்லை.

மூன்றாவதுதான் என்னை உடைத்தது. திண்டுக்கல் வரை போய் மரவள்ளி ஸ்டார்ச் மாவு ஒரு கிலோ வாங்கி வந்து, பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தேன். இப்படி ஒரு பொருளை நான் பார்த்ததே இல்லை. கையில் இறுக்கிப் பிடித்தால் கல். பிடியைத் தளர்த்தினால் விரல் வழியே பாலாக ஒழுகுகிறது. மறுபடி பிடித்தால் மறுபடி கல். கடன் வாங்கியவன்கூட இப்படித்தான். பிடித்தால் அசையாமல் நிற்பான், விட்டால் ஓடிவிடுவான். அவசரமாக அமுக்கும்போது மாவுத் துகள்கள் விலக நேரமில்லாமல் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடுவதால் வருவது இது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போதைக்கு, சமையல் மேடையிலிருந்து தரைக்கு ஒழுகிக்கொண்டிருந்த அதைப் பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு, அரை மணி நேரம் போராடிக்கொண்டிருந்தேன்.

மனைவி வாசற்படியில் சாய்ந்தபடி பார்த்தாள். "கொழுக்கட்டைக்கு என்ன தண்ணி ஊத்திப் பிசையுறோம்?"

"என்ன தண்ணி?"

"கொதிக்கிற தண்ணி. இருபத்தாறு வருசமா திங்கிறீங்களே, ஒரு நாளாவது பாத்தீங்களா?"

அவ்வளவுதான் ரகசியம். சுமார் 65 டிகிரிக்கு மேல் சூடு பட்டால்தான் கிழங்கு மாவு தண்ணீரைக் குடித்து உப்பிப் பசை பிடிக்கும். கரும்பு வெல்லத்தைக் கரைத்து, தளதளவென்று கொதிக்கும்போதே பாதி மாவில் ஊற்றிக் கிளறி, மீதி மாவைத் தூவிப் பிசைந்ததும் கறுத்த சப்பாத்தி மாவு மாதிரி சொன்னபடி கேட்டது. மூன்று தடவை ஊருக்கும் கடைக்கும் அலைந்து நான் தேடிய அறிவு, வருஷா வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்கு என் தட்டிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

உருட்டும் வேலை இருந்தது. இங்கே மறுபடியும் சேலம் எனக்குள் புகுந்தது. அந்தக் காலத்தில் ஈர மாவைத் துணித் தொட்டிலில் போட்டு ஆட்டி ஆட்டியே குருணையை உருண்டையாக்குவார்கள். என் வேட்டி ஒன்றை எடுத்து, ஒரு முனையை நானும் மறுமுனையை அம்மாவும் பிடித்துக்கொண்டு, உள்ளே மாவுத் துணுக்குகளைப் போட்டு ஆட்டினோம். பக்கத்து வீட்டு அத்தை மதில்மேல் தலையை நீட்டி, "பச்சப்புள்ள யாருது? சொல்லவே இல்லையே?" என்றார். அம்மாவுக்கு வந்த சிரிப்பில் வேட்டி கைநழுவி, குழந்தை முழுவதும் முற்றத்தில் சிதறியது. அதற்குப் பிறகு உள்ளங்கைதான். முந்நூறு உருண்டைகள் உருட்டினோம். எண்ணியது நான், உருட்டியது அவர்கள்.

இவற்றை ஊறவே வைக்கக் கூடாது. தண்ணீர் கொதிகொதித்து நிற்கும்போது உலர்ந்தபடியே போட வேண்டும். மேல்தோல் சட்டென்று வெந்து உள்ளே இருப்பதைக் கட்டிக் காப்பாற்றும். மேலே மிதந்து வந்த பிறகும் இருபது, முப்பது நிமிஷம் கொதித்து, மூடி போட்டு அதே அளவு நேரம் இருந்து, குளிர்ந்த தண்ணீரில் ஒரு அலசு, அப்புறம் வெல்லப்பாகு. அன்றைக்கே தின்று தீர்த்துவிட வேண்டும். நான் பாதியை ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் காலை கவண்கல்லுக்கு ஆயிற்று.

பழத்துக்கு எங்கள் ஜில்லாவில் என்ன குறை? நத்தம் மாம்பழம், ஆயக்குடி கொய்யா, பன்னீர் திராட்சை எல்லாம் உண்டு. நான் தேர்ந்தது சிறுமலை வாழையும் மாம்பழமும். தோல் கறுத்து இனி ஆகாது என்று தோன்றும் நாளில்தான் சிறுமலைப் பழம் தேனாக இருக்கும். நீர்ச்சத்து குறைவு என்பதால் மிக்ஸியில் அடித்ததும் ஐஸ்கிரீம் போட்டதுபோல் கெட்டியாகத் திரளும். கொய்யாவையும் ஒரு தடவை போட்டோம். எது கொய்யா விதை, எது வேகாத போபா என்று கண்டுபிடிப்பதற்குள் கடைவாய்ப்பல் கூசிவிட்டது. அன்றைக்குத் தக்காளி விலை சரிந்து கிடந்ததால் எங்கள் ஊர்ச் சந்தைக்காரர் ஒருவர், "தக்காளியும் பழந்தானப்பா, ஒரு கூடை தரட்டுமா?" என்று கேட்டார். தக்காளி காய்கறி இனம்தான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1893-லேயே வரிக்காகத் தீர்ப்பு எழுதிவிட்டது. அவரிடம் அதைச் சொல்லியிருந்தால் இரண்டு கூடையாகக் கொடுத்திருப்பார்.

எல்லாம் கூடி வந்த அன்று வியாழக்கிழமை. சந்தை முடிந்து பெரியப்பா வந்தார். அறுபது வருஷத் தரகு. ஆட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து வயது சொல்வார். முதுகைத் தடவிக் கறி எத்தனை கிலோ தேறும் என்று சொல்வார். விலையை மட்டும் வாயால் சொல்ல மாட்டார். தோளில் கிடக்கும் துண்டை விரித்து, அதற்குள் எதிராளியின் கையைப் பிடித்து, விரலை அழுத்துவார். இத்தனை விரல் இத்தனை நூறு, மடக்கினால் பாதி. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாரும் செல்போனில் விலை பேசுகிற இந்தக் காலத்திலும் அவர் துண்டை விடவில்லை.

கண்ணாடி டம்ளரில் மஞ்சள் கூழ், அடியில் கறுப்பு முத்துக்கள். நம் கடவூர்க் காட்டுத் தேவாங்கு கண்ணை உருட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. குடிப்பதற்குக் குழல் இல்லை. ஜூஸ் கடைக்கு ஓடினேன். பிளாஸ்டிக் குழல் 2019-லேயே தடையாகிவிட்டது. இருந்த காகிதக் குழலில் சீரகம்கூட ஒற்றை வரிசையில்தான் போகும். போபாவுக்குச் சுண்டுவிரல் நுழைகிற குழல் வேண்டும். அம்மா கொல்லைக்குப் போய்ப் பப்பாளி இலைக் காம்பு நான்கை வெட்டி, பால் போகக் கழுவி, நீட்டினார். சின்ன வயதில் காட்டாமணக்குப் பாலில் குமிழி ஊதித் திரிந்ததற்குப் பிறகு என் கைக்கு ஒரு காம்பு வந்தது அன்றைக்குத்தான்.

பெரியப்பா முதலில் ஓர் உருண்டையை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, பதமாக அழுத்தினார். முகர்ந்தார். முகர்ந்தபோது நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம். பிறகு காம்பை வாயில் வைத்து உறிஞ்சினார். ஒன்றும் வரவில்லை. கன்னம் இரண்டும் ஒட்டிப்போக இன்னும் ஓர் இழுப்பு. நடுவில் அடைத்துக்கொண்டிருந்த முத்து விடுதலையாகி நேரே தொண்டைக்குப் போய்விட்டது. இருமி, கண்ணீர் வழிந்து, அம்மா தலையில் தட்டி, மகள் தண்ணீர் கொடுத்து, எல்லாம் ஓய்ந்தபோது டம்ளர் அவர் கையிலேயே இருந்தது. மறுபடி உறிஞ்சினார். இந்தத் தடவை அவசரப்படாமல், மேல் பல்லும் கீழ் பல்லும் கட்டிய பல்லாக இருந்தும், ஒவ்வொன்றாக மென்று, டம்ளரின் அடி தெரிகிற வரைக்கும் குடித்தார்.

"கோயமுத்தூர்ல இதை என்ன விலைக்கு விக்கிறான்?"

"இருநூறு, தாத்தா. பெரிய கப்புன்னா அதுக்கு மேல."

பெரியப்பா கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். தோளிலிருந்து துண்டை எடுத்து விரித்தார். அதற்குள் என் கையை இழுத்து, விரல்களைத் தேடிப் பிடித்து அழுத்தினார்.

"என்னப்பா, எவ்வளவு சொல்றாரு?" என்று மகள் கேட்டாள். மனைவியும் கேட்டாள். அம்மாகூடக் கேட்டார். துண்டுக்குள் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.