வீட்டுப் பட்டறை சிஎன்சி ரவுட்டரில் மட்டம் என்னும் கருத்தாக்கம்: ஓர் ஆய்வறிமுகத்துக்கான முன்னுரை

0. இயல் பகுப்பு

இவ்வாய்வு ஏழு இயல்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஆய்வேடுகள் அப்படித்தான் இருக்கின்றன என்பதால் ஏழு. பொருளை நோக்க இரண்டே போதும். எந்த இரண்டு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

1. ஆய்வுப் பொருள்

சுழலும் வெட்டுமுனையான பிட்டு மாட்டிய ரவுட்டர் ஒன்றை முன்பின்னாக, இடவலமாக, மேல்கீழாகக் கணினியின் சொற்படி நகர்த்தி மரத்தைச் செதுக்கும் எந்திரம் சிஎன்சி ரவுட்டர் எனப்படும். கதவுக்கடையின் பின்கட்டில் நின்று நாள் முழுக்கப் பூஜையறைக் கதவு குடைவது தொழில்வகை. வீட்டில் கார் நிற்கவேண்டிய இடத்தில் நின்று, காரை வெயிலில் நிறுத்துவது பொழுதுபோக்குவகை. இவ்வாய்வு பின்னதை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. முன்னது சம்பாதிக்கிறது, ஆகவே ஆராயத்தக்கது அன்று.

2. வரலாறு

ஹெலிகாப்டர் இறக்கையின் வளைவுகளை எண்களாக்கி, அந்த எண்களைக் கொண்டே எந்திரத்தை நகர்த்தலாம் என்று அமெரிக்காவின் மிச்சிகனில் ஜான் பார்சன்ஸ் 1940களில் முனைந்தார். எம்ஐடியின் சர்வோமெக்கானிசம்ஸ் ஆய்வகம் துளையிட்ட நாடாவைப் படித்து ஓடும் மில்லிங் எந்திரத்தை 1952இல் ஓட்டிக் காட்டியது. பார்சன்ஸுக்கும் அவருடன் பணியாற்றிய ஃபிராங்க் ஸ்டூலனுக்கும் காப்புரிமை கிடைத்தது 1958இல். இந்த வித்தை வீட்டுக்குள் வர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. நார்வேயின் சிமென் ஸ்கோக்ஸ்ருட் 2009இல் தொடங்கிய ஜிஆர்பிஎல் மென்பொருள், அர்டுயினோ ஊனோ பலகையின் 32 கிலோபைட்டுக்குள் அடங்கி மூன்று அச்சுகளையும் ஓட்டியது. இந்தக் கட்டுரையை யூனிகோடில் சேமித்தாலும் ஏறத்தாழ அவ்வளவு இடம் பிடிக்கும்; ஆனால் ஒரு மோட்டாரும் அசையாது.

இவ்வெந்திரம் இதற்கெல்லாம் நெடுங்காலம் முன்பே நம்மிடம் இருந்தது என்று நிறுவ விரும்புவோர் உளர். சான்று கிடைக்காததே அது திட்டமிட்டு அழிக்கப்பட்டதற்குச் சான்று என்னும் முடிவுரையை அவர்கள் முதலிலேயே எழுதி வைத்துவிட்டதால், நாம் அவசரப்பட வேண்டியதில்லை.

3. வகைப்பாடு

இயக்கும் உறுப்பை நோக்கி நான்கு வகை.

அ) பெல்ட் வகை. ஜிடி2 பெல்ட்டின் பல் இடைவெளி 2 மிமீ. 20 பல் புல்லி ஒரு சுற்றுக்கு 40 மிமீ இழுக்கும். விரைவானது. அழுத்தி வெட்டினால் பெல்ட் இழுபடும். வட்டம் வெட்டச் சொன்னால் முட்டை வரும். (பட்டறைச் சுவர், கிழக்குப் பக்கம், பென்சில் குறிப்பு.)

ஆ) லீட் ஸ்க்ரூ வகை. டி8 என்பது 8 மிமீ தண்டு. பரவலாகக் கிடைப்பது ஒரு சுற்றுக்கு 8 மிமீ நகர்த்தும். சுற்றுக்கு 200 படி எடுக்கும் ஸ்டெப்பர் மோட்டாரின் ஒவ்வொரு படியையும் பதினாறாகப் பிரித்தால் 3200. ஆக மில்லிமீட்டருக்கு 400 படி, ஒரு படி 0.0025 மிமீ. இந்த எண்ணைச் சொல்லும்போது இவ்வகையினர் குரலைத் தாழ்த்துவர். ஐப்பசி மழையில் தேக்குப் பலகை தானாக ஊதிக்கொள்வது இதைப்போலப் பன்மடங்கு என்பதைச் சொல்லும்போது உயர்த்துவர். (அதே சுவர், சுவிட்ச் போர்டுக்குக் கீழே, எண்ணெய்க் கறையால் இறுதிச் சீர் சிதைந்துள்ளது.)

இ) பால் ஸ்க்ரூ வகை. 1605 என்றால் 16 மிமீ விட்டம், சுற்றுக்கு 5 மிமீ. ப்ளே என்னும் தளர்வாட்டம் மிகக் குறைவு, விலை மிக அதிகம். ஆதலால் இதை வாங்கியோர் முன்னிரண்டும் எந்திரமே அல்ல என்ப.

ஈ) ரேக்-பினியன் வகை. உண்டு.

4. விறைப்பு

ஒருமுனை பிடித்து மறுமுனை தொங்கும் எதுவும், தொங்கும் நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப வளையும். மேல்கீழாக நகரும் இசட் அச்சு இருமடங்கு தொங்கினால் எட்டு மடங்கு வளையும். இந்த ஒரு வரி தெரிந்தவர்கள் உயரமான எந்திரம் கட்டமாட்டார்கள். எல்லாருக்கும் இது தெரியும்; எல்லாரும் உயரமாகவே கட்டுகிறார்கள், எப்போதாவது தடிமனான மரம் வரலாம் என்று.

5. ஸ்பாயில்போர்டு இயல்

எந்திரத்தின் படுக்கைமேல் திருகப்படும் எம்டிஎஃப் பலகை ஸ்பாயில்போர்டு. மரத்தைத் துளைத்துக் கடந்த பிட்டு கீழுள்ள அலுமினியத்தைக் கடித்துவிடாதபடி, இது தன் உடம்பைக் கொடுக்கும். வெட்டுப்படுவதே வேலையாக வந்த இந்தப் பலகையை மட்டமாக வைத்திருக்க வேண்டும் என்பதில்தான் இவ்வாய்வின் உயிர் இருக்கிறது.

முறை வருமாறு. பலகையைத் திருகிய பின் அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பென்சில் கோடு போடுக. 25 மிமீ அகலப் பிட்டை, அதைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலில் மாட்டுக. பலகை முழுவதையும் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு அந்த எந்திரத்தைக் கொண்டே சீவுக. எங்கே பென்சில் கோடு அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம். கோடு முற்றும் மறையுமட்டும் இன்னும் இறங்கிச் சீவுக. முடிந்தபோது பலகை மட்டமாயிற்று என்க.

எதைப் பொறுத்து மட்டம்? எந்திரத்தைப் பொறுத்து. எந்திரம் மட்டமா? பலகையை வைத்துப் பார்த்தால், மட்டம்.

இதுபற்றி மூன்று பள்ளிகள் உள. முதலாவதான சார்புப்பள்ளியார், மேற்சொன்ன விடையே முழுவிடை என்று தேநீர் குடிக்கப் போய்விடுவர். இரண்டாவதான ரசமட்டப்பள்ளியார், பூமியைப் பொறுத்து மட்டமாக இல்லாதது மட்டமே ஆகாது என்பர். இது பிழை, எந்திரம் ஒருபக்கம் சாய்ந்த தரையில் நின்றாலும் பலகைக்கும் பிட்டுக்கும் உள்ள உறவு மாறாது. ஆயினும் வீட்டுக்கு வரும் உறவினர் அனைவரும் இப்பள்ளியினரே ஆதலால், இதை வாதத்தால் வெல்ல முடியாது. மூன்றாவதான வெளிச்சப்பள்ளிக்கு எழுத்துச் சான்று இல்லாமையால் களஆய்வு மேற்கொள்ளப்பட்டது.

தகவலாளி: ஆசாரி. தொழில்: நிலை, கதவு. வயது: கேட்டால் சிரிக்கிறார். கல்வி: நம் வரைபடத்தில் உள்ள தவறைச் சுட்டிக்காட்டும் அளவுக்கு. பதிவு வருமாறு:

“தம்பி, பபுள் ஓரத்துக்குப் போயிடுச்சே.”

“அது தரைச் சாய்வுண்ணே. மெஷினுக்கு அது கணக்கில்ல.”

தகவலாளி ரசமட்டத்தைச் சட்டைப் பையில் செருகினார். நீளமான எஃகு ஸ்கேலை எடுத்துப் பலகைமேல் விளிம்பு படும்படி நிறுத்தினார். மறுபக்கம் செல்போன் டார்ச்சை வைத்துவிட்டுக் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“சரி, தரைச் சாய்வுன்னே வச்சுப்போம். நடுவுல வெளிச்சம் வருதே, அதுவும் தரையா?”

பதிவு இவ்விடத்தில் முடிகிறது. பதிவுக் கருவியின் மின்கலம் தீர்ந்ததாக ஆய்வேட்டில் எழுதப்பட்டுள்ளது.

விளக்கம்: ஸ்பிண்டிலைச் சுமக்கும் கேன்ட்ரி நடுவில் மயிரிழை தொய்ந்திருந்தால், நடுவில் பிட்டும் அந்த மயிரிழை தாழும். எந்திரம் தன் தொய்வை அப்படியே பலகையில் பள்ளமாகப் படியெடுக்கும். பிறகு அந்தப் பள்ளத்தின்மேல் தொய்ந்த கேன்ட்ரியை ஓட்டினால் எங்கும் இம்மி பிசகாது. தன் கோணலை உலகத்தின்மேல் எழுதிவைத்து, பின் இரண்டும் பொருந்துவதைச் சான்றாகக் காட்டும் இந்த நெறி பதிப்புலகுக்குப் புதிதன்று. கொள்கைக்கு ஒத்துவராத பாடத்தை ஏடெழுதியவன் பிழை என்று திருத்திவிட்டு, திருத்திய பாடத்தையே கொள்கைக்கு ஆதாரமாக அடிக்குறிப்பில் தரும் பெருமக்கள், 25 மிமீ பிட்டு இல்லாமலே இதைச் செய்து முடிக்கிறார்கள். தூசும் பறப்பதில்லை.

அடுத்து நகச்சோதனை. சீவிய பலகைமேல் கண்ணை மூடிக்கொண்டு விரல்நகத்தை இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் ஸ்பிண்டில் பெரும்பாலும் செங்குத்து. தட்டித் தட்டிப் போனால் ஸ்பிண்டில் சாய்ந்திருக்கிறது. பிட்டு முன்பின்னாக ஓட, ஸ்பிண்டில் இடவலமாகச் சாய்ந்திருந்தால் ஒவ்வொரு வரியும் ஓர் ஓட்டுக்கூரை விளிம்பாக அடுத்ததன்மேல் ஏறி நிற்கும். முன்பின்னாகவே சாய்ந்திருந்தால் ஒவ்வொரு வரியும் மெல்லிய வாய்க்காலாகக் குழியும். முன்னதை நகம் அறியும். பின்னதைப் பக்கவாட்டில் பிடித்த டார்ச்சு அறியும். இரண்டையும் அறியாதவர் மேலே வார்னிஷ் அடித்த பின் அறிவர். (பட்டறைச் சுவர், கிழக்குப் பக்கம், சுண்ணாம்பு அடிப்பதற்கு முந்தைய பதிப்பு, கீழிருந்து மூன்றாம் வரி. அவ்வரியை ஒட்டி வேறு கையெழுத்தில் வரும் “பால் பாக்கி 340” என்பது இடைச்செருகல் என்பர் ஒரு சாரார். அதுவே மூலம், ஸ்பிண்டில் பற்றியவை யாவும் இடைச்செருகல் என்பர் வீட்டிலுள்ளோர். இரு சாராரையும் சமன்செய்ய முயன்ற உரையாசிரியர் பால்காரர் வந்ததும் எழுந்து போனதால் உரை குறையாக நிற்கிறது. ஒப்புநோக்குக: குளிர்சாதனப் பெட்டிக் கதவு, காந்தத்தின் அடியில்.)

செங்குத்தாக்க வழி: ஸ்பிண்டில் தாங்கியின் திருகைத் தளர்த்தி, ஒருபக்கம் மெல்லிய தகடு செருகி, மறுபடி இறுக்குவது. குளிர்பானக் கேனை வெட்டினால் ஏறக்குறைய 0.1 மிமீ தகடு கிடைக்கும். இதற்காகக் குளிர்பானம் அருந்துவதும் ஆய்வுச் செலவில் அடங்கும் என்று நிதிநல்கைக் குழுக்களை நம்பவைக்கலாம். இதைவிடக் குறைந்த பயன் தந்த பயணப்படிகள் வழங்கப்பட்டிருக்கின்றன.

தகடு செருகியதும் சாய்வு மாறும். ஆகவே மறுபடி சீவ வேண்டும். கேன்ட்ரியைத் தொட்டால் மறுபடி. மழைக்காலத்தில் எம்டிஎஃப் ஈரம் குடித்து வீங்கினால் மறுபடி. ஒவ்வொரு முறையும் பலகை அரை மில்லிமீட்டர் இளைக்க, புதைத்து வைத்த திருகுத் தலை அரை மில்லிமீட்டர் மேலே வரும். பிட்டும் திருகும் சந்திக்கும் நாளில் ஒரு தீப்பொறியும், பிட்டின் விலையும், இவ்வியலின் முடிவும் வரும்.

6. மேம்பாட்டுச் சங்கிலி

முதலில் 3018 வரும்: 300 × 180 மிமீ களம், 775 மோட்டார். அது தேக்கைத் தொட்டதும் அலறும். உடனே கைரவுட்டர் மாட்டப்படும். அந்தக் கனத்துக்கு இசட் தொங்கும், ரெயில் மாற்றப்படும். ரெயிலின் கனத்தை நேமா 17 மோட்டார் தூக்க மறுக்கும். நேமா 23 வரும். அதற்கு ஏ4988 டிரைவர் போதாது. சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடையிலிருந்து டிஎம்542 வரும், பின்னாலேயே அதற்கேற்ற பவர் சப்ளை. விசை கூடியதும் சட்டகம் முறுக்கும். அலுமினியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்புள்ள எஃகு வரும். இப்போது மேசை ஆடும். மேசை ஆடாதபோது 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் வரும். 400 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 24,000 சுற்று. அதை ஓட்டும் விஎஃப்டியின் மின்னிரைச்சலில், எதுவும் தொடாத லிமிட் சுவிட்ச் தொட்டதாகச் சொல்லும். வேலை நடுவில் எந்திரம் நின்றுவிடும். ஷீல்டு வயர் வரும், எர்த் வரும், எல்லாம் வந்தபின் ஸ்பாயில்போர்டை மறுபடி சீவும் நேரம் வரும்.

இச்சங்கிலிக்கு வேண்டிய தாங்கிகள், தகடுகள், மோட்டார் மூடிகள் யாவற்றையும் செதுக்கித் தருவது அந்த எந்திரமேதான் என்பது கருதத்தக்கது. தன்னைத் தானே மேற்கோள் காட்டி வளரும் ஆய்வாளர்களும் இவ்வாறே பெரிய சட்டகத்துக்கு மாறுகிறார்கள்.

7. எஞ்சியவை

வேகம்: பயந்து மெதுவாக ஓட்டினால் பிட்டு வெட்டாமல் தேய்க்கும், விளிம்பு கருகும். 18,000 சுற்றில், இரு வெட்டுவாய்ப் பிட்டு, வாய் ஒன்றுக்கு 0.1 மிமீ சீவ நிமிடத்துக்கு 3600 மிமீ ஓட வேண்டும். துணிக.

தூசு: மரத்தூசு மனிதருக்குப் புற்றுநோய் தருவன என்று உறுதியானவற்றின் பட்டியலில் உள்ளது. தூசு உறிஞ்சியும் முகக்கவசமும் வாங்குக. இவ்வரியில் கேலி இல்லை.

முடிவு: பிறர் பலகையில் பள்ளம் காணப் புறப்படும் ஆய்வாளர் எவரும், அதற்கு முன் தம் ஸ்பிண்டில் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்க வேறொருவரின் ஸ்கேலை இரவல் வாங்குவது நலம். சொந்த ஸ்கேலைச் சொந்த எந்திரத்தில் வெட்டியவர்களே இத்துறையில் அதிகம்.