விண்வெளியில் பிரேக் பிடிப்பது எப்படி?

கேள்வி: சினிமாவில் நட்சத்திரக் கப்பல்கள் நினைத்த இடத்தில் டக்கென்று நிற்கின்றனவே, நிஜத்தில் முடியுமா?

பதில்: நின்றால், உள்ளே இருப்பவர்கள் முன்பக்கச் சுவருக்குப் பெயின்ட் ஆகிவிடுவார்கள்! ஒளி வேகத்தில் பத்தில் ஒரு பங்கில் போகும் கலம், மனித உடம்பு தாங்கும்படி பூமி ஈர்ப்பின் அளவிலேயே வேகத்தைக் குறைத்து நிற்க, சுமார் 35 நாள் பிடிக்கும். கலத்தை அப்படியே திருப்பி, எஞ்சினை எதிர்த்திசையில் எரிக்க வேண்டும். 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரில் இதை அழகாகக் காட்டினார்கள்.

தலைவலி எரிபொருள்தான். வேகமெடுக்க மட்டும் காலி எடையைப் போல 10 மடங்கோடு கிளம்பினால் போதும் என்றால், நிற்கவும் வேண்டுமானால் 100 மடங்கு! பிரேக்குக்கான எரிபொருளையும் முதலில் சுமந்துகொண்டு வேகமெடுக்க வேண்டுமே.

வழியில் கிடக்கும் ஹைட்ரஜனைக் காந்தப்புலத்தால் அள்ளி எரிக்கும் எஞ்சினை 1960-ல் இயற்பியலாளர் ராபர்ட் பஸ்ஸார்ட் முன்வைத்தார். பால் ஆண்டர்சன் 1970-ல் எழுதிய 'டௌ ஜீரோ' நாவலில் அப்படிப்பட்ட கப்பலின் பிரேக் கெட்டுவிடுகிறது. எஞ்சினை அணைத்தால்தான் ரிப்பேர். அணைத்தால் கதிர்வீச்சில் எல்லோரும் காலி. நிற்க வழியில்லாமல் வேகம் ஏறிக்கொண்டே போகும் அந்தக் கற்பனை அபாரம்!

பிற்பாடு ஆண்ட்ரூஸ், ஸூப்ரின் என்ற இரு பொறியாளர்கள் கணக்குப் போட்டபோது, அள்ளும் புலம் கலத்தைத் தள்ளுவதைவிட இழுத்துப் பிடிப்பதே அதிகம் என்று தெரிந்தது. உடனே அதையே பிரேக் ஆக்கினார்கள்: காந்தப் பாய். மீக்கடத்தி வளையத்தில் மின்சாரம் ஓடினால் போதும், எரிபொருள் செலவே இல்லை. வேகம் குறையக் குறைய அதன் பிடியும் தளரும் என்பதால், கடைசிக் கட்டத்துக்கு மட்டும் ராக்கெட்.