பைசா செலவில்லாத குலக்கல்வி

1953-இல் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. மிச்ச நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று தமிழ்நாடு கொதித்தது. அடுத்த ஆண்டே ராஜாஜியின் பதவி போனது. காமராசர் வந்து திட்டத்தைத் தூக்கி எறிந்தார். நியாயமான கோபம். இன்றைக்கும் மேடையில் சொன்னால் கைதட்டல் உறுதி.

பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குப்பங்களில் அந்தத் திட்டம் இன்னும் ஓடுகிறது. அரசாணை இல்லை. நிதி இல்லை. வாத்தியார் இல்லை. பத்தாவதோடு நின்ற பையன் அப்பாவோடு ஃபைபர் படகில் ஏறுகிறான். நனைந்த பிளக்கைக் கழற்றித் துடைத்து, மாட்டி, கயிற்றை இழுத்து இன்ஜினைக் கிளப்பக் கற்கிறான். முகத்துவாரத்தில் நேற்று இருந்த மணல்திட்டு இன்று எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்த்துப் படகை விடக் கற்கிறான். எல்லாவற்றிலும் தேர்ச்சி. எண்ணூர்ப் பக்கம் வேலை கேட்டுப் போனால் மட்டும், "ஐ.டி.ஐ. சர்டிபிகேட் இருக்கா தம்பி?"

சர்டிபிகேட் தர வேண்டிய அரசு என்ன செய்தது? 2012-இல் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களைப் போட்டது. ஓவியம், உடற்கல்வி, அப்புறம் தையல், கணினி, தோட்டக்கலை முதலான தொழிற்கல்வி. வாரத்துக்கு மூன்று அரை நாள். மாதம் 5,000 ரூபாய். மே மாதம் அதுவும் கொடுக்கவில்லை. கோடையில் வாத்தியாருக்குப் பசிக்காது போலும். பணி நிரந்தரம் என்று 2021-இல் தி.மு.க. வாக்குக் கொடுத்தது, வாக்குறுதி எண் 181. 2024-இல் சம்பளம் 12,500 ஆனது. வாக்குறுதிக்கு எண் மட்டும்தான் நிரந்தரம்.

டெல்லி இன்னும் கெட்டி. 1986 கல்விக் கொள்கை, 1995-க்குள் மேல்நிலை மாணவரில் 25 விழுக்காட்டினர் தொழிற்கல்விக்கு என்றது. 1992-இல் பார்த்தார்கள், நடக்காது என்று தெரிந்தது. கெடுவை 2000-க்குத் தள்ளினார்கள். 2000-மும் போனது. 2020 கொள்கை 50 விழுக்காடு என்றது, 2025-க்குள். பாதிக் கிணறு தாண்டாதவன் அடுத்த தடவை கடலைத் தாண்டுவேன் என்கிறான். தாண்டக் காசு? தொழிற்கல்விக்கும் சேர்த்துப் படியளக்கும் சமக்ர சிக்ஷாவில், 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடியை, பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று நிறுத்தி வைத்தார்கள். சண்டை இரண்டு அரசுகளுக்கு. பட்டினி மூன்றாவது ஆளுக்கு.

டெல்லியின் விஸ்வகர்மா திட்டம் இருக்கிறதே என்பார்கள். 13,000 கோடி, 18 தொழில்கள், படகு கட்டுபவரும் வலை பின்னுபவரும் பட்டியலில் உண்டு. வயது 18 ஆனால் போதும். கல்லூரிக்குப் போகிற வயதில் பிள்ளையை அப்பன் தொழிலில் தள்ளுவதா என்று சென்னை மறுத்தது. ஆட்சேபம் சரியானதுதான். பிறகு கலைஞர் பெயரில் தானே ஒரு திட்டம் போட்டது. அதற்கு வயது 35 ஆக வேண்டும். பதினைந்து வயதுக்காரன் இருபது வருஷம் கரையில் உட்கார்ந்து வலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இதற்கிடையே பக்கத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக்க அதானி குழுமம் 53,031 கோடிக்குத் திட்டம் போட்டது. வந்தால் உள்ளூருக்கு வேலை என்கிறார்கள். கிரேன் ஓட்டவா? வெல்டிங் வைக்கவா? அதை இந்தப் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளியில், எந்த வாத்தியார், எந்த அரை நாளில் சொல்லிக்கொடுத்தார்? கேட்டில் நின்று லாரி நம்பர் எழுதுகிற வேலைக்குப் படிப்பு வேண்டாம்தான்.

பக்கத்திலேயே பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி உண்டு. கல்லூரிக்கு எம்.ஜி.ஆர். பெயர், பல்கலைக்கழகத்துக்கு ஜெயலலிதா பெயர். பெயருக்குப் பஞ்சமில்லை. ஆனால் பிளஸ் டூவில் அறிவியல் படித்திருந்தால்தான் உள்ளே விடுவார்கள். பத்தாவதில் படகேறியவன் வாசலில் மீன் விற்கலாம்.

எப்படியோ, டெல்லியின் இலக்கைப் பழவேற்காட்டுக் குப்பங்கள் கெடுவுக்கு முன்பே எட்டிவிட்டன. வகுப்பறையில் இல்லை, ஏரியில். செலவு முழுக்க அப்பன்களுடையது. அடுத்த ஆண்டறிக்கையில் சாதனை என்று போட்டுக்கொள்ள டெல்லிக்கும் சென்னைக்கும் தாராளமாக அனுமதி உண்டு. யார் படத்தை முதலில் போடுவது என்பதை மட்டும் அவர்களே பேசி முடித்துக்கொள்ளட்டும்.